வீட்டுக் கராஜில் உருவாகும் கார்: கணவன் மனைவி சேர்ந்து பொருத்தும் ‘கிட் கார்’

கடையில் வாங்கிய அலமாரியைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பொருத்துவது நம் வீடுகளில் சாதாரணம். ஒரு காரையே அப்படி வீட்டில் பொருத்தி, எண் பட்டை மாட்டிச் சாலையில் ஓட்ட முடியும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். பிரிட்டனில் இது எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். பாகங்களாக வந்து, வாங்கியவரின் கையால் முழுமை பெறும் இந்த வகைக்குக் ‘கிட் கார்’ என்று பெயர்.

இதற்கு வழி போட்டவர்களில் ஓர் இளம் ஜோடி முக்கியமானது.

ஹேசல் வீட்டுப் பின்புறம்

லண்டனில் பொறியியல் படித்துக் கொண்டிருந்த காலின் சாப்மேன், கைச்செலவுக்காகப் பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். போருக்குப் பிந்திய காலம் அது. தனியார் கார்களுக்கான பெட்ரோல் பங்கீட்டை அரசாங்கம் 1947இல் நிறுத்தியதும் அந்த வியாபாரம் படுத்தது. விலை போகாமல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் கையில் தங்கிவிட்டது.

அதைக் கழற்றி, புதிய உடல் கட்டி, போட்டிக் காராக மாற்ற முடிவு செய்தார். வேலை நடந்த இடம், அவரது காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு கராஜ். வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் உள்ளது அந்த வீடு. ஹேசலும் வேலையில் கைகொடுத்தார். 1948இல் உருவான அந்தக் காருக்கு ‘லோட்டஸ்’ என்று பெயரிட்டார்கள். நம் மொழியில் தாமரை. சேறும் மேடுமான பாதைகளில் நடக்கும் போட்டிகளில் இருவரும் அதை ஓட்டினார்கள்.

1952 ஜனவரி 1ஆம் தேதி லோட்டஸ் நிறுவனம் தொடங்கியபோது, முதலாகப் போட்ட 25 பவுன் ஹேசல் கொடுத்த கடன். 1954இல் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் அந்த நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. லோட்டஸ் சின்னத்தில் பின்னிக் கிடக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளும் காலினின் முழுப் பெயருக்கு உரியவை. ஹேசலின் பெயருக்கு அதில் இடமில்லை. காலின் 1982இலும், ஹேசல் 2021இலும் காலமானார்கள்.

வரி தந்த வாய்ப்பு

அன்றைய பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி அதிகம். பாகங்களாக வாங்கித் தானே பொருத்திக் கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் ஆறாம் மாடல் இப்படித்தான் விற்பனையானது. மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன சட்டத்தை நிறுவனம் கொடுக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வாங்குபவர் பெரும்பாலும் பழைய ஃபோர்டு காரிலிருந்து எடுத்துக் கொள்வார்.

1957இல் வந்த ‘லோட்டஸ் செவன்’ இந்த வகையில் பெரும் புகழ் பெற்றது. பொருத்தும் குறிப்பு கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், ‘கழற்றும் முறை’ என்று அச்சிட்டுக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கார் பிரியர்கள் இன்றும் சிரித்துக் கொண்டு சொல்லும் கதை இது.

1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டு செவன் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது. அந்தக் கார் இன்றும் கிட் ஆகக் கிடைக்கிறது.

மலேசியத் தொடர்பு

மஸ்வெல் ஹில் கராஜில் தொடங்கிய இந்தக் கதை நம் நாட்டுக்கும் வந்தது. லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை 1996இல் புரோட்டோன் வாங்கி, 2017 வரை வைத்திருந்தது. கேட்டர்ஹாம் நிறுவனத்தை 2011இல் ஏர் ஏசியா புகழ் டோனி பெர்னாண்டஸ் தரப்பு வாங்கியது. 2021இல் அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது.

இரண்டு பேர் தேவைப்படும் வேலைகள்

கேட்டர்ஹாம் போன்ற தயார் நிலைக் கிட் ஒன்றைப் பொருத்த ஏறக்குறைய 80 முதல் 100 மணி நேரம் ஆகும். வார இறுதிகளில் மட்டும் செய்தால் சில மாதங்கள். பழைய கார் ஒன்றைப் பிரித்து அதன் பாகங்களைப் பயன்படுத்தும் மலிவான கிட் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும்.

பல வேலைகளை ஒருவரே செய்யலாம். சிலவற்றுக்கு இன்னொரு ஜோடிக் கை அவசியம்.

எஞ்சின் இறக்குதல்: எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக இணைந்தபடி, சாய்ந்த நிலையில் சட்டத்துக்குள் இறங்க வேண்டும். ஒருவர் தூக்கும் கருவியை மெதுவாக இறக்க, மற்றவர் எதிலும் இடிக்காமல் வழிகாட்ட வேண்டும். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது.

பிரேக்கில் காற்று எடுத்தல்: ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியேற்றுவார். திருகை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். ‘மிதி’, ‘மூடியாச்சு’, ‘விடு’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொள்வது நல்லது. பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

முறுக்குச் சோதனை: ஒவ்வொரு நட்டுக்கும் இவ்வளவு முறுக்கு என்று கணக்கு உண்டு. ஒருவர் அளவுகோல் உள்ள ஸ்பேனரால் முறுக்கி முடித்ததும், மற்றவர் சரிபார்த்து அதன் மேல் பெயிண்டால் கோடு போடுவது வழக்கம். பின்னாளில் நட்டு தளர்ந்தால் கோடு விலகி நிற்பது கண்ணில் படும். தான் செய்த தவறு தன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இரண்டாவது ஆளின் பயன் அதுதான்.

சோதனையில் தேற வேண்டும்

பொருத்தி முடித்ததும் ஓட்டிவிட முடியாது. பிரிட்டனில் அரசாங்கச் சோதனை உண்டு. பிரேக், விளக்கு, கண்ணாடி, இருக்கைப் பட்டையின் பிடிமானம், புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் கூரான விளிம்புகூட தோல்விக்குக் காரணமாகலாம். தேறிய பிறகே பதிவு எண் கிடைக்கும்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு பெறாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது குற்றம். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதில் எழுத்தில் கிடைத்தால் பத்திரப்படுத்த வேண்டும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும், காருக்கான சிஓஇ உரிமமும் தேவை.

தொடங்கும் முன்

பாதியில் நின்றுபோன கிட் கார்கள் ஏராளம். எஞ்சிய பாகங்களை அடிமாட்டு விலைக்குத்தான் விற்க முடியும். ஆகவே தம்பதியர் முதலில் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. கிட் விலையோடு டயர், பெயிண்ட், கருவி, சோதனைக் கட்டணம், காப்புறுதி ஆகியவற்றையும் கூட்டி மொத்தச் செலவைப் போட வேண்டும். வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உள்ள பணத்தைத் தொடக்கூடாது. வாரத்தில் எந்த நேரம் கராஜுக்கு, எந்த நேரம் குடும்பத்துக்கு என்பதையும் முன்கூட்டியே வகுத்துக் கொள்வது நல்லது.

பெட்டி வந்த நாளே எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பாமல், பட்டியலோடு ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்த்து, டப்பாக்களில் பெயர் எழுதி வைக்க வேண்டும். யார் எந்த வேலையைச் செய்தார், எந்தத் தேதியில் செய்தார் என்று ஒரு நோட்டில் குறிப்பதும் உதவும். முதல் முறையாக அந்தக் காரில் ஏறி உட்காரப் போகிறவர்கள் இவர்கள் இருவரும்தான்.