செம்பரம்பாக்கம் மீன்களுக்கு 1916ஆம் ஆண்டுப் பட்டியல் சாட்சியாகுமா?

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஏரிகளில் மீன்வள முதுநிலை ஆய்வு செய்ய முனையும் மாணவர் இரண்டு கட்டுரைகளைத் தாண்டிப் போக முடியாது. ஒன்று, இந்திய அருங்காட்சியகத்தின் ‘ரெக்கார்ட்ஸ்’ இதழில் 1916இல் பி. சுந்தரராஜ் வெளியிட்ட சென்னை நன்னீர் மீன் குறிப்புகள். மற்றது, 2010இல் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’வில் நைட்டும் ரெமா தேவியும் எழுதியது. பின்னது சென்னை மீன்களைத் திரும்பப் பார்த்து, இனங்கள் நிலைத்திருக்கின்றன என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. களத்தில் இறங்கி எழுதிய கட்டுரை அது. அதன் இன அடையாளங்களில் எனக்கு ஐயம் இல்லை. ‘நிலைத்தல்’ என்ற வாசிப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு மீன் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது என்று இரு பட்டியல்கள் காட்டலாம். இடைப்பட்ட காலத்தில் அதே நீரில் அதே வழித்தோன்றல்கள் வாழ்ந்தன என்பதை அவை காட்டுவதில்லை. சுற்றுவட்டம் முழுவதையும் ஒரே பட்டியலில் அடக்கும்போது, அம்பத்தூரில் அற்றுப்போன கெண்டை பூண்டியில் கிடைத்தாலும் ‘சென்னையில் உண்டு’ என்றே பதிவாகும். முதுநிலை மாணவரின் கேள்வியோ ஓர் ஏரியைப் பற்றியது.

இதைவிட வலுவான தடை தண்ணீரிலேயே இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் வந்தது. 1983 ஒப்பந்தப்படி 1996இல் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையைத் தொட்டது. ஸ்ரீசைலத்திலிருந்து சோமசீலா, கண்டலேறு வழியாகப் பூண்டிக்கும், அங்கிருந்து இணைப்புக் கால்வாயில் செம்பரம்பாக்கத்துக்கும் அந்த நீர் வருகிறது. கண்டலேற்றிலிருந்து பூண்டி வரை மட்டும் 177 கிலோமீட்டர் கால்வாய். கிருஷ்ணா, பெண்ணாறு படுகைகளின் மீன் குஞ்சுகளும் முட்டைகளும் இவ்வழியே வந்திருக்கலாம். வந்தன என்று நிறுவ என்னிடம் நேரடிச் சான்று இல்லை. ஆனால் வரவில்லை என்று காட்டாமல் ‘நிலைத்தது’ என எழுதுவது முறையாகாது. ஏரிகளில் விடப்பட்ட கட்லா, ரோகு குஞ்சுகளோடு கலந்து வந்த சில்லறை மீன்களையும், 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு எங்கும் பரவிய ஜிலேபியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டதால் 2010ஆம் ஆண்டுப் பட்டியலுமே இன்று பழைய சான்றாகிவிட்டது. விராலும் குறவையும் சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும். சிறு கெண்டைகளால் அது முடியாது. மறு மழைக்குப் பிறகு கிடைத்த கெண்டை எங்கிருந்து வந்தது?

இனி, பட்டியல்களுக்கும் பின்னால் நிற்கும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். பிரான்சிஸ் டேயின் ‘இந்திய மீன்கள்’ (1875–78) நூலில் இருப்பிடமாக ‘மதராஸ்’ என்று மட்டும் நிற்கும் இடங்களில் குறிக்கப்படுவது நகரமா மாகாணமா? அன்றைய மாகாணம் கஞ்சாமிலிருந்து மலபார் வரை பரந்து கிடந்தது. நகரம் என்றே கொண்டாலும், ஏரியில் பிடித்த மீனா, வெளியூரிலிருந்து சந்தைக்கு வந்த மீனா என்பதை அந்த ஒற்றைச் சொல் சொல்வதில்லை. இதற்கு முன்னுதாரணம் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களுக்குப் பெர்லினில் ப்ளாக் பெயரிட்டார். அந்த மிஷனரிகள் தமிழையே மலபார் மொழி என்று அழைத்தவர்கள். ஆகவே ப்ளாக் இருப்பிடமாகக் குறிக்கும் ‘மலபார்’ கேரளக் கரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டேயின் ‘மதராஸ்’ என்பதையும் இதே எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்பேன்.

ஆய்வுத் திட்டத்தை எப்படி அமைப்பது? கிருஷ்ணா நீர் பெறும் செம்பரம்பாக்கத்தையும், கால்வாய் நீர் எட்டாத அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளையும் எதிரெதிரே நிறுத்தலாம். ஒரே கண்ணளவுள்ள செவுள் வலை, ஒரே எண்ணிக்கையில் வீச்சு வலை, மழைக்கு முன்னும் பின்னும் என்று முயற்சியைச் சமமாக்கவேண்டும். எதுவும் சிக்காத நாளையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓர் இனம் செம்பரம்பாக்கத்தில் மட்டும் கிடைத்தால் கால்வாயைச் சந்தேகிக்க இடமுண்டு. அம்பத்தூர் ஏரியில் கழிவுநீரும் கலப்பதால் அங்கே ஒரு மீன் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்தச் சிக்கலை இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புக்குள் முழுதாக அவிழ்க்க முடியாது. தேர்ந்தெடுத்த ஓரிரு இனங்களுக்கு மட்டும் மைட்டோகாண்ட்ரிய மரபணு வரிசையை எடுத்து, கண்டலேறு மீன்களோடும் பாலாற்றுப் படுகை மீன்களோடும் ஒப்பிடுவது கைக்கெட்டும் வேலை. பழைய மாதிரிகள் ஃபார்மலினில் கிடந்தவையாக இருந்தால் அவற்றிலிருந்து மரபணு எடுப்பது கடினம்.

1996க்கு முன் பிடித்து, ஏரியின் பெயரும் நாளும் எழுதிவைத்த மாதிரிகள் கிடைத்தால் வழக்கு ஒருவேளை தீரும். அதுவரை ஆய்வேட்டில் ‘நிலைத்துள்ளது’ என்று எழுதாமல் ‘காணப்படுகிறது’ என்றே எழுதலாம்.