பல்லு மேல போட்ட பழி

போன வருஷம் தலைப்பிரசவத்துக்கு வந்த என் மக எங்க வீட்டுலதான் இருந்தா. அவளைக் கட்டிக்குடுத்த இடம் ஆரணி டவுன். மாப்பிள்ளை பட்டுத் தறி. பேரனுக்கு நாலு மாசம் ஆனப்போ வாயில ஒரே ஜொள்ளு. சட்டைக் கழுத்தெல்லாம் நனையும், கையை முழுசா வாயில திணிச்சிக்குவான், ராத்திரியில சிணுங்குவான். பார்க்க வந்த சம்பந்தியம்மா ஒரு பார்வை பாத்துட்டு, "சீக்கிரமே பல்லு வருது"ன்னு சொல்லிட்டாங்க. கூடவே ஒரு எச்சரிக்கை: மேல் பல்லு முதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆகாதாம். என் பையன் அன்னையிலேர்ந்து மருமகன் வாயை எட்டி எட்டிப் பாக்குறான்!

வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்குல தடவலாம்னு எங்க அம்மா கல்லைக் கழுவ ஆரம்பிச்சாங்க. பிள்ளை வளர்ப்பான்னு பேரு வெச்சு, ராத்திரியில பேரைக்கூட சொல்லக்கூடாதுன்னு மரியாதை குடுத்த வேர் அது. ஆனா அதுல இருக்கிற ஒரு சத்து ஆகாதுன்னு அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. நம்ம ஊர் குழந்தை டாக்டருங்களும் குடுக்காதேன்னுதான் சொல்றாங்க. அதனால நான் கல்லை வாங்கி ஓரமா வெச்சிட்டேன். அம்மாவுக்குக் கோவம்.

அந்தக் கோவத்துல ஆரம்பிச்ச தேடல்தான் இந்தக் கட்டுரை. பல்லு முளைக்கிறதைப் பத்தி மனுஷன் எவ்வளவு காலமா பயந்திருக்கான்னு பாத்தா ஆச்சரியமா இருக்கு.

கிரேக்கத்துல ஹிப்போகிரட்டீஸ் பேர்ல இருக்கிற பழைய ஏடுகள்லயே பல்லு வர்றப்போ காய்ச்சல், வலிப்பு, பேதி வரும்னு இருக்கு. நம்ம பக்கம் வாக்படரோட அஷ்டாங்க ஹிருதயம் பல் முளைக்கிறதை எல்லா நோய்க்கும் காரணம்னே சொல்லுது. காசியப சம்ஹிதையில பல்லு பிறக்கிறதுக்குன்னே தனி அத்தியாயம். பிரான்சுல 16ஆம் நூற்றாண்டுல அம்புரோசு பாரேன்னு ஒரு அறுவை வைத்தியர், பல்லுக்கு வழி விடணும்னு ஈறையே கத்தியால கீறச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல அந்தப் பழக்கம் ஓடிச்சு. இங்கிலாந்துல 1839ல மட்டும் ஐயாயிரம் குழந்தைங்களுக்கு மேல பல்லு முளைச்சுதான் செத்துச்சுன்னு அரசாங்கக் கணக்குலயே எழுதி வெச்சிருக்காங்க.

பயம் இருந்தா வியாபாரம் இல்லாம போகுமா? 1849ல அமெரிக்காவுல மிசஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப்புன்னு ஒண்ணு வந்துச்சு. குடுத்தா குழந்தை அழுகையை நிறுத்திடும். ஏன் நிறுத்துதுன்னா உள்ளே மார்பின், அதாவது அபின்ல எடுத்த சரக்கு. நிறைய குழந்தைங்க தூங்குனது எழுந்திருக்கவே இல்லை. 1911ல அந்த நாட்டு டாக்டர் சங்கமே அதைக் குழந்தைக் கொலைகாரன் பட்டியல்ல போட்டாங்க. நம்ம நாடும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போன தாய்மாருங்க, சாயங்காலம் வர்ற வரைக்கும் பிள்ளை தூங்கட்டும்னு துளி அபினைக் குடுத்துட்டுப் போவாங்களாம். அவங்களை நான் குத்தம் சொல்லமாட்டேன். தறிக்குழியில காலை விட்டுக்கிட்டு, பக்கத்துல தூளியில பிள்ளை அழுவுறதைக் கேட்டுக்கிட்டே ஊடை ஓட்டுற பொம்பளைங்களை ஆரணித் தெருவுல நானே பாத்திருக்கேன். அபின் கைக்குக் கிடைக்கலைன்னா அது அந்தப் பிள்ளைங்க அதிர்ஷ்டம்.

அதைவிடக் கொடுமை பல்லு பவுடர். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுல வித்த அந்தப் பவுடர்ல இருந்தது கலோமல், பாதரச உப்பு. குழந்தைங்களுக்குக் கையும் காலும் செவந்து, தோல் உரிஞ்சு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கிடக்கும். பிங்க் நோய்னு பேரு வெச்சாங்களே தவிர காரணம் தெரியல. 1940கள் கடைசியிலதான் ஜோசஃப் வார்கனின்னு ஒரு டாக்டர் அந்தக் குழந்தைங்க சிறுநீர்ல பாதரசத்தைக் கண்டுபிடிச்சார். 1954ல இங்கிலாந்துல பவுடரை வாபஸ் வாங்குனாங்க. அதோட அந்த நோயே ஏறக்குறைய காணாம போச்சு.

இதெல்லாம் படிச்சப்போ கிரைப் வாட்டர் எவ்வளவோ தேவலைன்னு தோணுச்சு. 1851ல இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல உட்வர்டுன்னு ஒருத்தர் செஞ்சது. அதுலயும் ரொம்ப காலம் சாராயம் கலந்துதான் வித்திருக்காங்க. எங்க ஆயா அந்த பாட்டிலை சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க.

எதுக்கு இவ்வளவு பழி பல்லு மேல? டாக்டருங்க சொல்ற காரணம் நம்ம காட்டுக் கணக்கு மாதிரியே சுளுவா புரியுது. மூணு நாலு மாசத்துல எச்சில் சுரப்பி நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கும், முழுங்கத்தான் பிள்ளைக்கு இன்னும் பழகலை. அதான் ஜொள்ளு. அஞ்சாறு மாசத்துல வயித்துலேயே தாய்கிட்ட வாங்கி வந்த எதிர்ப்பு சக்தி குறையும். அதே சமயம் பிள்ளை கையில கிடைச்சதையெல்லாம் வாயில வைக்கும். கிருமி அப்போதான் உள்ளே போகும். பல்லும் அதே நேரத்துக்கு வந்து நிக்குது. மழையன்னிக்கு வந்த விருந்தாளி மேல மழைக்குப் பழி போட்ட கதைதான். பல்லு வந்தா கொஞ்சம் சிணுங்கல், ஜொள்ளு, உடம்பு லேசா கதகதப்பு, அவ்வளவுதான். நல்லா கொதிக்கிற காய்ச்சலும் பேதியும் பல்லுல வராது.

பேரனுக்கு என்ன செஞ்சோம்னா, கையை நல்லா கழுவிட்டு ஈறை விரலால மெதுவா தேய்ச்சோம். சுத்தமான துணியை ஈரமாக்கிக் குளுமையா கடிக்கக் குடுத்தோம். அந்தக் காலத்துல செம்மரத்து மரப்பாச்சியைக் கடிக்கக் குடுப்பாங்க. சாயம் பூசாததா இருந்தா அதுல தப்பில்லைன்னு நினைக்கிறேன்.

அஞ்சாம் மாசம் ஒரு ராத்திரி அவனுக்கு தண்ணி தண்ணியா போக ஆரம்பிச்சுது. "பல்லு பேதி, தானா நிக்கும்"னு அம்மா சொன்னாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு.

ஏன்னா 1977ல என் தம்பிக்கும் இதையேதான் சொன்னாங்க. அப்போ நான் மூணாவது படிச்சேன். அவனுக்கு ஏழு மாசம். பல்லு பேதியை நிறுத்தக்கூடாது, தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு ஊரே சொல்லிச்சு. உச்சிக்குழி பள்ளமா போயிடுச்சு, அழுதா கண்ணுல தண்ணி வரல. மூணாம் நாள் நைனா மாட்டு வண்டியைப் பூட்டுனார். ஆறு தாண்டுறதுக்குள்ளயே வண்டியைத் திருப்பிட்டாங்க.

அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1971ல, மேற்கு வங்காளம் பன்காவ்ன்ற ஊர்ல அகதி முகாம்ல காலரா. ஏத்துற சலைன் தீர்ந்துபோச்சு. திலீப் மகலானபீஸ்னு ஒரு டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் தண்ணியில கரைச்சு குடிக்க வெச்சார். நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டிருந்த முகாம்ல சாவு நாலு பேருக்கும் கீழே வந்துச்சு. இந்த நூற்றாண்டோட பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பா இது இருக்கலாம்னு லான்செட் பத்திரிகை 1978ல எழுதுச்சு. ஒரு சொம்புத் தண்ணி, அதுல போட உப்பும் சர்க்கரையும். எங்க வீட்டு அடுப்பங்கரையில எல்லாமே இருந்துச்சு. சேதிதான் வந்து சேரல.

பேரனை அந்த ராத்திரியே பைக்குல தூக்கிக்கிட்டுப் போனோம். தாய்ப்பாலை நிறுத்தாதீங்கன்னு சொல்லி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மருந்தும் அளவு சொல்லிக் குடுத்தாங்க. மக விடிய விடிய ஸ்பூன் ஸ்பூனா குடுத்தா. நாலு நாள்ல சிரிக்க ஆரம்பிச்சுட்டான்.

பல்லு வந்தது எட்டாம் மாசம். கீழ்ப் பல்லு, மாமன் பொழைச்சான். அம்மாவைக் கூப்பிட்டு தொட்டுப் பாருன்னு சொன்னேன். விரலைக் கடிச்சுட்டான். அம்மா சிரிக்கல. ரொம்ப நேரம் கழிச்சு தூளியை ஆட்டிக்கிட்டே மெதுவா சொன்னாங்க: "அவனுக்கு அன்னிக்கு வாயில ஒரு பல்லுகூட மொளைக்கலடா."