மலாயாவின் இரப்பரும் பர்மாவின் அரிசியும்

மலாயாவின் பொருளாதார வரலாற்றில் ஈயமும் இரப்பரும் முதன்மை இடம் பெறுகின்றன. அவற்றை உற்பத்தி செய்த தொழிலாளர் எதை உண்டனர், அவ்வுணவு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் இரப்பர்த் தோட்டங்களின் இலாபத்தை விளக்க இயலாது என்பதே நம் கருத்தாகும்.

1852-ஆம் ஆண்டுப் போரின் விளைவாகக் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்பு நிலங்கள் படிப்படியாக நெல்வயல்களாயின. நிலத்தைத் திருத்தியவர்கள் பர்மிய உழவர்கள். அவர்களுக்குக் கடன் வழங்கியோருள் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியைப் பர்மா ஏற்றுமதி செய்தது. எனினும் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத உழவர்கள் நிலம் இழந்தனர். 1938-இல் கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது.

கெடா, கிளந்தான் போன்ற மாநிலங்களில் நெல் விளைந்தபோதிலும், மலாயா தன் அரிசித் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. தோட்டப்புறத் தமிழர் விரும்பியது ரங்கூன் புழுங்கல் அரிசி. தொழிலாளர் குடும்பச் செலவில் அரிசியே பெரும்பகுதி என்பதால், அதன் விலை மலிவாக இருந்தவரை கூலியையும் குறைவாக வைத்திருக்க முடிந்தது. இவ்வகையில் இரப்பர் இலாபத்தின் ஒரு பகுதி ஐராவதிக் கரையில் விளைந்தது எனலாம்.

இவ்வமைப்பின் நலிவு முதல் உலகப் போரின் இறுதியிலேயே வெளிப்பட்டது. இந்தியாவில் மழை பொய்த்ததால் பர்மிய அரிசி ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட, மலாயாவில் விலை ஏறியது. தோட்டங்களில் உணவுப் பயிரிடுமாறு அரசு வற்புறுத்தியது. நெருக்கடி தீர்ந்ததும் இறக்குமதி அரிசியை நம்பும் பழைய நிலையே தொடர்ந்தது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) கடல் வாணிகம் முற்றிலும் குலைந்தது. பர்மாவில் நெல்லை வாங்குவாரின்றி வயல்கள் தரிசாயின. மலாயாவிலோ அரிசியின்றி மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். கிழங்கு வயிற்றை நிரப்பியதேயன்றிப் போதிய ஊட்டம் தரவில்லை; நோய்கள் பெருகின. ஓரிடத்தில் மிகுதியும் மற்றோரிடத்தில் பஞ்சமும் ஒரே காரணத்தால் விளைந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின் மலேசியா நெல் உற்பத்தியில் தனிக் கவனம் செலுத்தியது. 1970-இல் நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டம் ஆண்டுக்கு இருபோக விளைச்சலுக்கு வழிவகுத்தது. ஆயினும் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது, இங்கு இறக்குமதி அரிசியின் விலை உயர்ந்தது. உள்ளூர் அரிசிக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2024-இல் அத்தடை நீக்கப்பட்டபோதிலும், அரிசிக்குப் பிற நாடுகளைச் சார்ந்திருக்கும் நிலை முற்றிலும் நீங்கவில்லை. தோட்டத் தமிழர் வரலாற்றைக் கற்பிக்கும் நாம், கூலிக் கணக்கோடு அரிசிக் கணக்கையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.