காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகள்

காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகள் என்பவை சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவிலும் அதையொட்டியும் இயங்கும் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறும் கதவு, தூண், பாத்திரம், படம், விளக்கு, பீங்கான் எல்லாம் இங்கே வந்து சேர்ந்து, பிற ஊர்களின் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் போகின்றன. மும்பையின் சோர் பஜார், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு ஆகியவற்றோடு சேர்த்து இதையும் சொல்வார்கள். அங்கே பல ஊர்ச் சரக்கு கலந்து கிடக்கும். காரைக்குடியில் இருப்பதில் பெரும்பகுதி ஒரே வட்டாரத்தின் வீட்டுச் சாமான். அதனால் ஒரு பொருளைப் பார்த்தால் அது வீட்டின் எந்தப் பகுதியில் இருந்திருக்கும் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழசை வாங்கிப் புது வேலைக்கு வைப்பவருக்கு இது பெரிய வசதி.

சரக்கு வந்த வழி

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குப் போய் வட்டித்தொழில் செய்தனர். ‘கொண்டுவிக்கப் போவது’ என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பணத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பெரிய வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, சுவீடனின் எனாமல் பாத்திரம் என்று கப்பலில் வந்ததெல்லாம் அந்த வீடுகளுக்குள் போனது.

1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 சதவீதமாகிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் செல்வம்தான். காசாக மாற்ற முடியாத செல்வம். 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் பலரும் ஊர் திரும்பினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் வந்த நிலச் சட்டங்களும், 1962 ராணுவ ஆட்சியின் நாட்டுடைமை நடவடிக்கைகளும் மிச்சத்தை முடித்தன.

வருமானம் நின்றது, வீடு நிற்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு தலைமுறையின் பங்காளிகள் எல்லாரும் உரிமைக்காரர்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் சம்மதம் வேண்டும், விற்க வேண்டுமென்றாலும் வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் நாளுக்குள் மழை நீர் உத்திரத்தில் இறங்கிவிடும். கடைசியில் வீடு பிரிக்கப்படுகிறது. மர வியாபாரி கண்ணாலேயே மரத்தை அளந்து, மொத்தமாக ஒரு விலை பேசுவார். ஓடு முதலில் இறங்கும், பிறகு உத்திரம், தூண், சுவர் உடையும்போது வாசல்நிலை. ‘இடிப்பது’ என்று சொல்லாமல் ‘பிரிப்பது’ என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் உண்டு.

கிடைப்பவை

மரவேலைப்பாடுதான் முதலில் கண்ணில் படும். கஜலட்சுமி செதுக்கிய நிலைகள், பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவுகள், போதிகைகள், ஊஞ்சல் பலகைகள், சாய்வு மேசை வைத்த கணக்குப் பெட்டிகள். ஆனால் கடையின் அசல் சுவாரசியம் பாத்திரத்தில்.

நகரத்தார் திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் சாமான்களை எல்லாரும் பார்க்கும்படி அடுக்கி வைப்பதற்குச் ‘சாமான் பரப்புவது’ என்று பெயர். ஒரே பாத்திரம் பல அளவுகளில், டசன் கணக்கில் இருக்கும். பாதிக்கு மேல் அடுப்பைப் பார்க்காமலே அறைக்குள் போய்ப் பூட்டப்படும். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை இருந்ததால் பூட்டி வைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. அறுபது எழுபது ஆண்டுப் பழைய தூக்குச்சட்டி கீறல்கூட இல்லாமல் கடையில் தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தூக்கைத் திருப்பிப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெரியும். விலாசம் எனப்படும் குடும்ப முன்னெழுத்துகள், சிலவற்றில் பெண்ணின் பெயரும் சேர்த்து. விரலால் தடவினால் புள்ளிகள் உறுத்தும். நிறைய புழங்கிய பாத்திரத்தில் அந்த உறுத்தல் தேய்ந்திருக்கும். வயதையும் உழைப்பையும் அறிய இதைவிட நல்ல சான்று கிடையாது. பாலிஷ் போடும்போது அந்தப் பெயரையும் அழித்துத் தரச் சொல்லி வாங்குவோர் உண்டு. பொருளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போடுவதற்கு அவர்கள் கூலியும் கொடுக்கிறார்கள்.

எனாமல் சாமான்களின் அடியில் சுவீடன், ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று நாட்டின் முத்திரை இருக்கும். பீங்கானுக்கு ‘மங்கு’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. சாமானோடு சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது. இவை தவிர மரவைகள், அஞ்சறைப் பெட்டிகள், படி, மரக்கால், பல்லாங்குழி, தஞ்சாவூர்ப் பலகைப் படங்கள், ரவி வர்மா அச்சுப் படங்கள் ஆகியவையும் கிடைக்கும். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் படங்களில், சாமி உருவத்துக்குச் சரிகையும் சம்கியும் ஒட்டி உடை அணிவித்துச் சட்டமிட்டவை செட்டிநாட்டில் நிறைய இருந்தன.

ஆத்தங்குடிக் கல்லின் பழைய துண்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிமென்டில் பதித்த கல்லைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிச் செய்யும் அதே கல்லை ஆத்தங்குடியில் இன்றும் கையால் செய்து தருகிறார்கள்.

பழசும் பழசாக்கியதும்

தேவை கூடியபின் புதுசைப் பழசாக்கும் தொழிலும் வளர்ந்தது. ஜோத்பூர் போன்ற இடங்களில் பழைய பாணி மரச்சாமான் பெரிய அளவில் தயாராகிறது. புதுசு என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை.

மேசை என்றால் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கை இழைப்புளி ஓடிய மரத்தில் லேசான மேடுபள்ளம் கைக்குத் தட்டுப்படும். இயந்திரம் சீவியது ஒரே சமமாக இருக்கும். தலையில் கூட்டல்குறி வெட்டிய திருகாணி 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. 1900ஆம் ஆண்டுச் சாமான் என்று சொல்லும் பெட்டியில் அது இருந்தால், திருகாணியாவது பிற்காலத்தது, அல்லது பெட்டியே பிற்காலத்தது. மரம் நாரின் குறுக்கே சுருங்கும், நெடுக்கே சுருங்காது. ஆகவே நூறாண்டு வட்ட மேசையை நாடாவால் இரண்டு பக்கமும் அளந்தால் சிறு வித்தியாசம் வரும். கச்சிதமான வட்டம் சந்தேகத்துக்குரியது.

அச்சுப் படத்துக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இன்றைய ஆப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை தவறாமல் நிற்கும். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் இருக்கும்.

மரத்தைத் தட்டிப் பார்ப்பதும் அவசியம். வைரம் பாய்ந்த தேக்கு கணீரென்று பேசும். ஊசித்துளையிலிருந்து மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது. உளுத்த சாமானை மலிவென்று வாங்கினால், வீட்டிலிருக்கும் நல்ல மரத்துக்கும் பரவலாம்.

மறுபயன்பாடு

பழைய சாமானுக்குப் புது வேலை கொடுக்கும்போது, வேண்டாமென்றால் பழையபடி மாற்றக்கூடிய விதமாகச் செய்வதே மேல். கதவை அறுக்காமல் மேசையாக்கலாம். தூணை மூன்று துண்டாக்கி விளக்குக் கால் செய்தால் திரும்ப வழியில்லை. அறுத்த தூண்கள் அலங்காரக் கடைகளில் நிறையவே நிற்கின்றன, பார்க்க நன்றாகவும் இருக்கின்றன. இருந்தாலும் ஒரே மரத்தில் கடைந்த தூண் இனி வரப்போவதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கதவு மேசையாவது இப்படி. ஊரில் ஈரக் காற்றில் கிடந்த மரம் குளிர்சாதன அறைக்கு வந்ததும் சுருங்கும். சில வாரம் அறையில் சும்மா சாத்தி வைத்த பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது. சட்டத்தின் காடியில் பலகை ஒட்டாமல் சும்மா செருகியிருக்கும். விரியவும் சுருங்கவும் பழைய ஆசாரி விட்ட இடம் அது. ஆடுகிறதே என்று பசை போட்டு இறுக்கினால் அடுத்த கோடையில் பலகை வெடிக்கும். செதுக்கலுக்குள் சோற்றுப் பருக்கை போகாமலிருக்க மேலே கண்ணாடி வேண்டும். பித்தளைக் குமிழ் துருத்தி நிற்கும் கதவில் கண்ணாடியை நேரே வைத்தால் பாரம் முழுவதும் குமிழ் முனையில் இறங்கி விரிசல் விடும். சுற்றிலும் குமிழைவிடச் சற்று உயரமான ஒரு விளிம்புச் சட்டம் அடித்து, ரப்பர் பொத்தான் வைத்து, அதன்மேல் கெட்டிக் கண்ணாடியை உட்கார வைக்க வேண்டும். கால்களைத் திருகாணியால் கதவில் துளைக்காமல், தனிச் சட்டமாகச் செய்து அதன்மேல் கதவைப் படுக்கவைப்பது ஆகச் சிறந்தது.

பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் ஆபத்து உண்டு. வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் காரீயம் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரப்படுத்தி எடுக்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பாத்திரத்தை மறுபடி அடுப்பிலேற்ற நினைப்பவர்கள் உலோகத்தைப் பிரித்தறிய வேண்டும். வெண்கல உருளியை அப்படியே புழங்கலாம். பித்தளையிலும் செம்பிலும் புளி சேர்ந்தால் களிம்பு ஏறும், ஈயம் பூசியாக வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை கிளம்பும்போதே வெள்ளீயத்தை வைத்துப் பஞ்சால் ஒரே வீச்சில் தேய்க்கும் வேலை அது. தெருவில் குரல் கொடுத்து வந்த ஈயம் பூசுவோரை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. யார் செய்ததென்று தெரியாத பழைய ஈயச் சொம்பில் ரசம் வைக்கவே வேண்டாம், காரீயக் கலப்பு இருக்கலாம். எனாமல் தட்டு சுவருக்கு அழகு. சில்லு தெறித்ததில் சாப்பிடக் கூடாது.

வீட்டையே மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் ஆகியவை விடுதிகளாயின. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பிரித்தெடுத்துக் கொண்டுவந்த செட்டிநாட்டு வீடு ஒன்று மீண்டும் எழுந்து நிற்கிறது.

சட்டம்

கோயில் சார்ந்த எதையும், சிலையோ தூண் சிற்பமோ, கடையில் கண்டாலும் கை வைக்காமல் விடுவதே புத்தி. தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. வாங்கியவரும் பதில் சொல்ல நேரும். தந்தப் பொருளை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள் ஆகிறது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அந்த வரையறைக்குள் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்ப நினைப்பவர், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பல 1900க்கும் 1940க்கும் இடையில் கட்டப்பட்டவை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரிசைக் கதவுகள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. 1925இல் செய்த நிலைக்கதவை 2024இல் கப்பலேற்றியிருக்கலாம், 2026இல் ஏற்ற முடியாது.