கப்பல் கயிற்றில் முளைத்த காடு

கழித்துப்போட்ட துணியிலும் கயிற்றிலும் செய்த சிற்பம் என்றதும் சுற்றுச்சூழல் அக்கறை என்று முத்திரை குத்திவிடுகிறோம். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் (1930–2017) விஷயத்தில் அந்த முத்திரை ஒட்டாது. 1960களின் வார்சாவில் நல்ல நூலுக்கே தட்டுப்பாடு. துறைமுகங்களில் தேய்ந்து கழிந்த கப்பல் கயிறுகளை அவர் தேடிப்போனது அதனால்தான். கற்றாழை நாரில் திரித்த கயிற்றைப் புரி புரியாகப் பிரித்து, அலசி, சாயமேற்றி நெய்தார். பட்டு என்றால் சுவரோடு படிந்து தொங்கும். இந்த நார் படியவில்லை. விறைத்தது, மடித்த இடத்தில் மடிப்போடு நின்றது. நெய்த துணி சுவரை விட்டு வெளியே வந்து, பட்டையும் பொந்தும் கொண்ட மரங்களாகக் கூரையிலிருந்து தொங்கியது. ‘அபகன்’ எனப்பட்ட இவற்றில், 1969இல் நெய்த சிவப்பு அபகன் ஏறக்குறைய 4 மீட்டர் உயரம்.

அப்படியானால் வறுமைதான் இந்தக் கலையைச் செய்ததா? வறுமை கயிற்றைக் கையில் கொடுத்தது, அவ்வளவுதான். அதே தட்டுப்பாட்டில் இருந்த மற்றவர்கள் கையில் இந்தக் காடு முளைக்கவில்லை. 1965இல் சாவ் பாவ்லோ பியனாலே கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற பிறகும் அவர் முரட்டு நாரை விடவில்லை. பதக்கம் வந்ததால் வார்சா கடைகளில் நூல் குவிந்துவிடவில்லை என்று யாரும் மடக்கலாம், நியாயம்தான். ஆனால் 1970களில், உலகமே அறிந்த பெயரான பின், அவர் தறியை விட்டு இன்னும் கீழே, சாக்குத் துணிக்குப் போனார். 1980இல் வெனிஸ் பியனாலேயில் வைத்த ‘கருவியல்’ தொகுதியில் ஏறக்குறைய 800 உருண்டைகள். சாக்கிலும் மெல்லிய வலைத்துணியிலும் திணித்துத் தைத்தவை. கைக்குள் அடங்கும் கூழாங்கல் முதல் ஆள் படுக்கும் பாறை வரை. சிலவற்றில் தையல் பிரிந்து உள்ளடைப்பு பிதுங்கும். இதை இல்லாமையின் கணக்கில் எழுத முடியாது.

பின்னாளில் வெண்கலத்துக்கும் இரும்புக்கும் போனாரே, துணி வெறும் படிக்கட்டுதானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் 2006இல் சிகாகோவில் நிறுவிய ‘அகோரா’வின் 106 இரும்பு உருவங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், வழவழப்பான உலோகம் கிடையாது, மரப்பட்டை போலச் சுருங்கி வரியோடிய தோல். இரும்பை அப்படி வார்க்க வேண்டிய கட்டாயம் எந்த வார்ப்பாலைக்கும் இல்லை.