மூளைப் படமும் முடங்கிய காலும்

நரம்புப் பிணிகளுள் விந்தையானது ஒன்று உண்டு. மருத்துவர் அதனை மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்பர். பல இடங்களில் தோன்றும் தழும்பு என்பது அதன் பொருள். மின்கம்பிக்கு ரப்பர் உறை அமைந்திருப்பது போல, நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை அமைந்துள்ளது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்கி அழிப்பதால், மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் உண்டாகின்றன. கண் மங்கும், கை நடுங்கும், கால் தளரும். இளம் வயதினரையே, அதிலும் பெண்களையே, இப்பிணி மிகுதியாகப் பற்றுகிறது.

இத்தழும்புகளைக் கார்ஸ்வெல், குருவேயே என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஓவியமாகத் தீட்டினர். 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சால்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்னும் பேரறிஞர், நோயாளி வாழ்ந்த காலத்தில் கண்ட குறிகளையும் இறந்தபின் மூளையில் கண்ட தழும்புகளையும் இணைத்துக் காட்டி, இதனைத் தனியொரு நோயாக நிலைநாட்டினார். ஆயினும், தழும்பைக் காண மரணம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அத்தடையை முதலில் தளர்த்தியது ஹவுன்ஸ்ஃபீல்டு கண்ட சி.டி. ஸ்கேன். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை அது படம் பிடித்தது. பின்னர் வந்தது எம்.ஆர்.ஐ. வலிய காந்தத்தினுள் மனிதரைக் கிடத்தி, வானொலி அலைகளைச் செலுத்தி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் மறுமொழியைக் கொண்டு படம் வரையும் முறை இது. 1981இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் பத்து நோயாளிகளைச் சோதித்தபோது, சி.டி. படத்தில் 19 தழும்புகளே தென்பட்டன. புதிய முறையோ மேலும் 112 தழும்புகளைக் காட்டிற்று.

இனித் தழும்பை எண்ணினால் ஊனத்தை அளந்துவிடலாம் என்று பலர் கருதியதில் வியப்பில்லை. ஊனத்தை அளக்க அமெரிக்க மருத்துவர் கர்ட்ஸ்கி 1955இல் ஓர் அளவுகோல் வகுத்து, 1983இல் அதனை விரிவாக்கியிருந்தார். அதில் 0 என்பது குறையற்ற நிலை; 6 என்பது கைத்தடி ஊன்றும் நிலை; 7 என்பது சக்கர நாற்காலி நிலை. ஆனால் படமும் அளவுகோலும் ஒத்துவரவில்லை. தழும்பு மலிந்த மூளையுடையவர் தாமே நடந்து வந்தார். சில தழும்புகளே உடையவர் எழ இயலாது கிடந்தார். இதனை 2002இல் பார்கோஃப் என்னும் நெதர்லாந்து அறிஞர் ஒரு முரண்புதிராகவே எடுத்துரைத்தார்.

புதிருக்குரிய விடைகள் படிப்படியாகப் புலப்பட்டன. முதலாவது, இடம். மூளையில் ஒரு பெருந்தழும்பு வெளித்தெரியாது அடங்கியிருக்கக்கூடும். விரல் பருமனே உள்ள தண்டுவடத்தில் ஒரு சிறு தழும்பு இரு கால்களையும் வீழ்த்திவிடும். இரண்டாவது, ஆழம். உறை மட்டுமன்றி உள்ளிருக்கும் நரம்பிழையும் அறுபடுவதை 1998இல் டிராப் என்பவரும் அவர்தம் துணைவரும் மெய்ப்பித்தனர்; வழக்கமான படம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆகவே ஆய்வாளர் தழும்பை எண்ணுவதோடு நில்லாமல், மூளையும் தண்டுவடமும் எவ்வளவு சுருங்கின என்றும் அளக்கலாயினர். ஊனத்தோடு அவ்வளவுகள் நெருங்கிப் பொருந்தின. மூன்றாவது, ஈடுசெய்யும் திறன். பழுதுற்ற பாதையின் வேலையை மூளையின் வேறு பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்வதை, இயக்கத்தைக் காட்டும் படங்கள் உணர்த்தின.

இவற்றால் எம்.ஆர்.ஐ. படத்தின் பெருமை குறைந்துவிடவில்லை. 2001இல் வகுக்கப்பெற்ற மெக்டொனால்டு நெறிமுறைகள், நோயாளிக்கு இரண்டாம் தாக்குதல் வரும்வரை காத்திராமல், படத்தின் துணைகொண்டே நோயை உறுதிசெய்ய வழிவகுத்தன. மருந்து பயன் தருகிறதா என்பதையும் இன்று படமே முன்னதாக அறிவிக்கிறது. ஆயினும் களைப்பையும் வலியையும் அது முழுமையாகக் காட்டுவதில்லை. “படம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று கூறி, நடக்க இயலாதவரின் சொல்லைத் தள்ளுவது அறிவியலுக்கு ஒவ்வாது. குறியையும் தழும்பையும் ஒருசேரக் கண்டவர் ஷார்கோ. படம் எத்துணைத் தெளிவு பெற்றாலும், அதனருகே நோயாளியின் வாய்மொழியையும் வைத்து நோக்குவதே அவர் காட்டிய நெறியாகும்.