நூவோ: என்விடியா வரைகலை அட்டைகளுக்கான திறந்த மூல இயக்கியின் வரலாறு

நூவோ என்பது என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகளை (கிராபிக்ஸ் கார்டு) லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்குவதற்காக எழுதப்பட்ட திறந்த மூல இயக்கி (டிரைவர்) ஆகும். 2005-ஆம் ஆண்டில் இதற்கான பணி தொடங்கியது. அட்டையைத் தயாரித்த நிறுவனம் அதன் உள்ளமைப்பு பற்றிய ஆவணங்களைத் தராத நிலையில், அட்டை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்துக் கவனித்தே இந்த இயக்கி உருவாக்கப்பட்டது. லினக்ஸ் நிறுவியவுடன் திரை கறுத்துப்போவது, நல்ல அட்டை இருந்தும் விளையாட்டுகள் மெதுவாக ஓடுவது, இரண்டு இயக்கிகள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற சிக்கல்களைப் பயனர்கள் இன்றும் சந்திக்கின்றனர். அவற்றில் பலவற்றுக்கான காரணம் நூவோவின் வரலாற்றில் உள்ளது.

பின்னணி

வரைகலை அட்டை தனக்கெனச் செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு சிறு கணினி போன்றது. அதனுள் உள்ள ஆயிரக்கணக்கான பதிவகங்களில் (ரெஜிஸ்டர்) குறிப்பிட்ட எண்களை எழுதுவதன் மூலமே திரையின் அளவு, நினைவகத்தின் வேகம், விசிறியின் சுழற்சி ஆகியவை கட்டுப்படுத்தப்படுகின்றன. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்பதை அறிந்த மென்பொருளே இயக்கி.

லினக்ஸில் இவ்வியக்கி இரண்டு அடுக்குகளாக உள்ளது. கெர்னலுக்குள் இருக்கும் பகுதி அட்டையின் நினைவகம், திரை அமைப்பு, மின்சக்தி ஆகியவற்றைக் கவனிக்கிறது. மெசா என்னும் நிரல் தொகுப்பில் உள்ள பகுதி, ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகியவற்றின் வழியாகச் செயலிகள் கேட்கும் முப்பரிமாண வரைதலை அட்டைக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. மெசாவை பிரையன் பால் 1993-இல் எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1995-இல் வந்தது. ஒரு பிழை தோன்றும்போது அது எந்த அடுக்கில் உள்ளது என்று கண்டறிவதே பிழைகாணலின் முதற்படி.

மறைக்கப்பட்ட மூலநிரல்

நூவோ வருவதற்கு முன் என்விடியா அட்டை வைத்திருந்த லினக்ஸ் பயனர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, என்விடியாவே வழங்கிய மூடிய இயக்கி. இது வேகமானது, முப்பரிமாண வசதியும் உண்டு. ஆனால் மூலநிரல் கிடையாது. மற்றொன்று 'என்வி' என்ற திறந்த இயக்கி. இதுவும் என்விடியாவின் பொறியாளர்கள் பராமரித்ததே. எனினும் இதில் இருபரிமாண வரைதல் மட்டுமே இருந்தது. மூலநிரல் திறந்திருந்தாலும், பதிவகங்களின் பெயர்களும் அவற்றின் பொருளும் நீக்கப்பட்டு வெறும் எண்களாகவே தரப்பட்டிருந்தன. படிக்கலாம், ஆனால் புரிந்துகொள்ள முடியாது என்ற நிலை.

மூடிய இயக்கியால் பிழைகாணலில் ஒரு பெரிய இடர் ஏற்பட்டது. மூலநிரல் இல்லாத கூறு ஏற்றப்பட்டால் லினக்ஸ் கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். அத்தகைய கணினியிலிருந்து வரும் பிழை அறிக்கைகளைக் கெர்னல் உருவாக்குநர்கள் பொதுவாக ஏற்பதில்லை. தாங்கள் பார்க்க முடியாத நிரல் நினைவகத்தில் எதை மாற்றியிருக்கும் என்று அவர்களால் சொல்ல முடியாது என்பதே காரணம். இதனால் பயனரின் முறையீட்டைக் கெர்னல் தரப்பும் ஏற்காது. நிறுவனம் திருத்தம் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும். கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மூடிய இயக்கி செயலிழக்கும் வாய்ப்பும் இருந்தது.

தோற்றம்

ஸ்டெஃபான் மார்ஷெசின் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2005-இல் 'என்வி' இயக்கியின் எண்களுக்குப் பொருள் கண்டு, அதைப் படிக்கத்தக்கதாகச் சீரமைக்க முயன்றார். அதுவே புதிய இயக்கியாக வளர்ந்தது. பெயர் வந்த கதை சுவையானது. அவருடைய அரட்டைச் செயலியில் 'என்வி' என்பதற்குரிய இரண்டு எழுத்துகளைத் தட்டினால், அது 'புதியது' என்று பொருள்படும் 'நூவோ' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பரிந்துரைத்தது. அதுவே திட்டத்தின் பெயராகிவிட்டது. 2006 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபோஸ்டெம் மாநாட்டில் திட்டம் பொதுவில் அறிவிக்கப்பட்டது.

அட்டையை வேவு பார்த்தல்

ஆவணம் இல்லாத அட்டையை அறிய, மூடிய இயக்கியையே சாட்சியாக்கினர். தொடக்கத்தில் 'ஆர்ஈநூவோ' என்ற சிறு நிரல் பயன்பட்டது. ஒரு முக்கோணம் வரைதல், நிறம் மாற்றுதல் போன்ற எளிய சோதனைகளை மூடிய இயக்கியின் மூலம் இது செய்யும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் அட்டைக்குச் சென்ற கட்டளைகளை ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பதிவு செய்யும். பல்வேறு மாதிரி அட்டைகளை வைத்திருந்த பயனர்கள் இந்நிரலை ஓட்டி, கிடைத்த பதிவுகளை அனுப்பினர். நிரல் எழுதத் தெரியாதவரும் பங்களிக்க முடிந்தது இதன் சிறப்பு.

அடுத்து வந்த கருவி 'எம்எம்ஐஓட்ரேஸ்'. இது ஜெஃப் மூய்செலார் தொடங்கி, பெக்கா பாலனென் மேம்படுத்தியது. 2008-இல் கெர்னலின் 2.6.27 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அட்டையின் பதிவகங்கள் இருக்கும் நினைவகப் பக்கங்களை இக்கருவி 'இல்லாதவை' என்று குறித்துவிடும். மூடிய இயக்கி அவற்றைத் தொடும் ஒவ்வொரு முறையும் கெர்னலில் தடை எழும். கருவி அந்த முகவரியையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த ஒரு கட்டளையை மட்டும் நிறைவேறவிட்டு, மீண்டும் தடையைப் போடும். எதுவும் தப்பாமலிருக்க, செயலியின் ஒரு கருவைத் தவிர மற்றவை நிறுத்திவைக்கப்படும். திரையின் அளவை மாற்றும் நேரத்தில் பதிவில் ஓர் அடையாளக் குறிப்பு இட்டால், அதை அடுத்து வரும் எண்கள் எதற்கானவை என்பது தெளிவாகும்.

கெர்னலுக்குள் நுழைவு

2009-இல் ஃபெடோரா 11 வெளியீடு, என்விடியா அட்டைகளுக்கு நூவோவை இயல்பான இயக்கியாக ஏற்றது. ஆனால் முதன்மைக் கெர்னலில் நூவோ அப்போது இல்லை. இதற்கு ஒரு சட்டச் சிக்கலும் காரணம். பல செயலிகள் ஒரே அட்டையைப் பகிரும்போது ஒன்றின் நிலையைச் சேமித்து மற்றொன்றின் நிலையை மீட்க, அட்டைக்குள்ளேயே ஓடும் சிறு நிரல் ஒன்று தேவை. மூடிய இயக்கி அனுப்பிய நிரலைப் பதிவிலிருந்து எடுத்தே நூவோ பயன்படுத்தி வந்தது. அதன் பதிப்புரிமை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. உருவாக்குநர்களே அதை வேடிக்கையாக 'வூடூ' என்று பெயரிட்டிருந்தனர்.

2009 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ், வெளியீடுகளில் வழங்கப்படும் இயக்கி முதன்மைக் கெர்னலுக்கு வராததைக் கேள்வி எழுப்பினார். அதையடுத்து 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 பதிப்பில், சோதனை நிலைப் பகுதியில் நூவோ இடம்பெற்றது. 'வூடூ' நிரலைத் தாமாகவே உருவாக்கும் முறையை பென் ஸ்கெக்ஸ், மார்சின் கோஷ்சியெல்னிட்ஸ்கி ஆகியோர் எழுதியதால் பதிப்புரிமைச் சிக்கலும் தீர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் என்விடியா தனது 'என்வி' இயக்கியில் புதிய அட்டைகளுக்கான ஆதரவை நிறுத்துவதாக அறிவித்தது. 2012-இல் 3.4 பதிப்பில் நூவோ சோதனை நிலையிலிருந்து வெளிவந்தது.

இக்காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. திரையின் அளவையும் வண்ண ஆழத்தையும் அமைக்கும் பொறுப்பு, எக்ஸ் சாளரத் தொகுதியிடமிருந்து கெர்னலுக்கு மாறியது. இதனால் கணினி தொடங்கும்போதே படம் சீராக வந்தது. ஆனால் இயக்கியில் பிழை இருந்தால், கணினி தொடங்கும்போதே திரை கறுத்தும் போனது. பழைய முறைக்குத் திரும்ப, தொடக்கக் கட்டளை வரியில் 'நோமோட்செட்' என்று சேர்க்கும் பழக்கம் அப்போது பரவியது.

இரு நிறுவனங்களின் இரு வழிகள்

ஏஎம்டி நிறுவனம் 2006-இல் ஏடிஐயை வாங்கியது. 2007 செப்டம்பரில் தன் அட்டைகளுக்கான ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. இன்டெல் தன் உள்ளிணைந்த வரைகலைக்குத் திறந்த இயக்கியையே வழங்கிவந்தது. என்விடியா மட்டும் விலகி நின்றது. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த உரையாடலில், ஒத்துழைப்பில் மிக மோசமான நிறுவனம் என என்விடியாவைக் கடுமையாகச் சாடிய டோர்வால்ட்ஸ், ஒளிப்படக் கருவியை நோக்கி நடுவிரலையும் காட்டினார். 2013 செப்டம்பரில் என்விடியா சில ஆவணங்களை வெளியிட்டது. 2014-இல் தனது டெக்ரா கே1 சில்லுக்காக நூவோவுக்கு நிரலும் வழங்கியது.

வேகம் என்னும் தடை

அட்டைகள் மின்சாரத்தைச் சேமிக்கக் குறைந்த வேகத்தில் தொடங்கி, தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டுகின்றன. இதைச் செய்வது கடினமான வேலை. நினைவகத்தின் வேகத்தை மாற்றும்போது அதற்குரிய மின்னழுத்தமும் கால அளவுகளும் ஒருசேர மாற வேண்டும். தவறினால் கணினி உறைந்துவிடும். 2012-இல் வந்த கெப்லர் வகை அட்டைகளில் இதை நூவோ ஓரளவு சாதித்தது. எனினும் பயனரே 'பிஸ்டேட்' என்ற கோப்பில் வேகநிலையின் எண்ணை எழுத வேண்டியிருந்தது.

2014 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் (ஜிடிஎக்ஸ் 900 வரிசை) நிலைமையை மாற்றின. இவற்றின் உள்ளே உள்ள சிறு செயலிகள், என்விடியாவின் மின்கையொப்பம் உள்ள ஃபர்ம்வேரை மட்டுமே முழு அதிகாரத்துடன் இயக்கும். அதுவரை தடையாக இருந்தது அறியாமை. உழைத்தால் அது நீங்கும். இப்போது தடையாக வந்தது பூட்டு. எந்தப் பதிவகத்தில் எதை எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தாலும் எழுத அனுமதி இல்லை. வரைதலுக்கான கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை என்விடியா 2016-இல் வழங்கியது. ஆனால் வேகத்தையும் விசிறியையும் கட்டுப்படுத்துவதற்கானதை வழங்கவில்லை. எனவே இவ்வகை அட்டைகளும், அடுத்து வந்த பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 1000 வரிசை), வோல்டா அட்டைகளும் நூவோவில் தொடக்க வேகத்திலேயே முடங்கின.

2022-க்குப் பின்

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் கூறுகளின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் உரிமங்களில் வெளியிட்டது. டூரிங் (2018) முதலான அட்டைகளில் 'ஜிஎஸ்பி' என்ற தனிச் செயலி உள்ளது. வேகம், மின்சக்தி உள்ளிட்ட பெரும்பாலான வேலைகள் அதில் ஓடும் ஃபர்ம்வேருக்கு மாற்றப்பட்டிருந்தன. திறக்கப்பட்டது கெர்னல் பகுதி மட்டுமே. ஃபர்ம்வேரும் மேலடுக்கு நிரல்களும் மூடியே உள்ளன. ஆயினும் அந்த ஃபர்ம்வேரைத் திறந்த இயக்கியும் பயன்படுத்த வழி பிறந்தது. 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7 பதிப்பில் நூவோ இதற்கான ஆதரவைப் பெற்றது.

மெசா அடுக்கில், 'என்விகே' என்ற வல்கன் இயக்கியை ஃபெய்த் எக்ஸ்ட்ராண்ட் முதலானோர் 2022-இல் அறிவித்தனர். 2024-இல் அது பயன்பாட்டுக்கு ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ரெட் ஹேட்டின் டானிலோ க்ரும்ரிக், ஜிஎஸ்பி கொண்ட அட்டைகளுக்கு மட்டும் ரஸ்ட் மொழியில் 'நோவா' என்ற புதிய கெர்னல் இயக்கியை எழுதும் திட்டத்தை அறிவித்தார். அதன் முதற்பகுதி 2025-இல் 6.15 பதிப்பில் சேர்ந்தது.

பிழைகாணலில் வரலாற்றின் தடங்கள்

இன்று பரிந்துரைக்கப்படும் தீர்வுகள் ஒவ்வொன்றும் மேற்கண்ட காலகட்டங்களோடு தொடர்புடையவை.

• தொடக்கத்தில் கறுந்திரை: 'நோமோட்செட்' கொடுத்தால் இயக்கி விலகி நிற்க, எளிய படம் தெரியும். இது நிரந்தரத் தீர்வு அன்று. கணினிக்குள் நுழைந்து, 'டிமெசெஜ்' கட்டளை காட்டும் கெர்னல் பதிவுகளைப் படிப்பதற்கான வழி மட்டுமே. இதை நீக்க மறந்தால் அட்டை பயன்படாமலே கிடக்கும்.

• இயக்கிகளின் மோதல்: ஓர் அட்டையை ஒரு கெர்னல் இயக்கியே ஆள முடியும். மூடிய இயக்கியை நிறுவும்போது நூவோ தடைப்பட்டியலில் சேர்க்கப்படுவது இதனால்தான். மூடிய இயக்கியை அகற்றிய பின்னும் அப்பட்டியல் நீடித்தால் இரண்டுமே ஏறாது. பட்டியலைத் திருத்தியபின் தொடக்க நினைவகப் படிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். எந்த இயக்கி ஏறியுள்ளது என்பதை 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் 'கே' தெரிவுடன் இட்டு அறியலாம்.

• எல்லாமே மெதுவாக இருத்தல்: வரைகலைத் தகவலில் 'எல்எல்விஎம்பைப்' என்று தெரிந்தால், அட்டைக்குப் பதிலாகக் கணினியின் முதன்மைச் செயலியே படம் வரைகிறது என்று பொருள். ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்படாமை இதற்கு ஒரு பொதுவான காரணம்.

• அட்டை வேலை செய்தும் வேகமின்மை: அட்டை எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். கெப்லர் என்றால் கைமுறையாக வேகத்தைக் கூட்டலாம். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை என்றால் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை.

• புதிய பதிப்பில் தோன்றும் பிழை: 'கிட் பைசெக்ட்' முறையில், பிழையற்ற பதிப்புக்கும் பிழையுள்ள பதிப்புக்கும் நடுவிலுள்ள நிலையைச் சோதித்து, தேடும் எல்லையைப் பாதி பாதியாகக் குறைக்கலாம். ஆயிரம் மாற்றங்களுக்கிடையே பிழைக்குக் காரணமான ஒன்றைப் பத்து சோதனைகளில் கண்டுபிடிக்கலாம். மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் திறந்திருந்தால் மட்டுமே பயனருக்கு இது சாத்தியம்.

இன்றைய நிலை

மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா அட்டைகளுக்கான தன் மூடிய இயக்கியில் 580 வரிசையே கடைசி என்று என்விடியா 2025-இல் அறிவித்தது. நூவோவின் வரலாற்றில் இது முக்கியமான கட்டம். கெப்லர் போன்ற பழைய அட்டைகள், நிறுவனம் கைவிட்ட பின்னும், பயனரின் முயற்சியால் வேகத்துடன் இயங்கக்கூடியவை. டூரிங்குக்குப் பிந்தைய அட்டைகளுக்கு ஜிஎஸ்பி உள்ளது. நடுவில் 2014 முதல் 2018 வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டும் இல்லை. அவற்றில் பல இன்னும் நல்ல நிலையில் உள்ளன. மூடிய இயக்கியின் ஆதரவு முடிந்தபின், திறந்த இயக்கியில் தம் திறனின் ஒரு பகுதியை மட்டுமே தரும். ஆவணம் இல்லாத அட்டைக்கு இயக்கி எழுத முடியும் என்று நூவோ காட்டியது. கையொப்பப் பூட்டு இட்ட அட்டை எவ்வளவு காலம் பயன்படும் என்பது, அதை விலைகொடுத்து வாங்கியவரின் முடிவாக இருப்பதில்லை என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.